தடம் வளைவு, கோடு நேர்: ரயில் வழித்தட வரைபடங்கள் பற்றிய வாசகர் கேள்விகள்

மெட்ரோ, புறநகர் ரயில் நிலையங்களின் சுவர்களிலும், பெட்டிக்குள் கதவுகளுக்கு மேலேயும் காணப்படும் வழித்தட வரைபடங்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் விடை தரப்படுகிறது. ஒரே பொருளைத் தொட்ட கேள்விகள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டுள்ளன.

தாம்பரம் வாசகர்: மெட்ரோ வரைபடத்தில் நிலையங்கள் அனைத்தும் சம இடைவெளியில், நேர்கோட்டில் இருக்கின்றன. உண்மையில் தடம் வளைந்து நெளிந்து செல்கிறது. இரண்டு நிலையங்களுக்கு இடையிலான தூரமும் இடத்துக்கு இடம் மாறுகிறது. இப்படி உண்மைக்கு மாறாக வரைவதை எப்படி ஏற்றுக்கொள்கிறார்கள்?

சாலையில் வண்டி ஓட்டுபவருக்கு எந்த இடத்தில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது தெரிந்தாக வேண்டும். ரயில் பயணி எங்கேயும் திரும்புவதில்லை, ரயில்தான் திரும்புகிறது. எந்தத் தடத்தில் ஏறுவது, எந்தத் திசையில் செல்லும் வண்டியைப் பிடிப்பது, எங்கே இறங்கி மாறுவது, இன்னும் எத்தனை நிலையம் இருக்கிறது என்ற நான்கு கேள்விகளுக்கு விடை கிடைத்துவிட்டால் அவருடைய தேவை தீர்ந்துவிடுகிறது. ஜாதகக் கட்டத்தைப் பார்த்துக் கிரகங்களுக்கு இடையே எத்தனை கிலோமீட்டர் என்று யாரும் அளப்பதில்லை. எது எந்த வீட்டில் இருக்கிறது என்பதற்காகவே அது வரையப்படுகிறது. ரயில் வரைபடமும் அந்த வகையைச் சேர்ந்ததுதான்.

இந்த முறை நிலைபெற்ற ஊர் லண்டன். 1920களில் அங்கே பயணிகளுக்குத் தரப்பட்ட சுரங்க ரயில் வரைபடங்கள் நிலப்படத்தை ஒட்டியே வரையப்பட்டன. நகரின் நடுவில் நிலையங்கள் சில நூறு மீட்டர் இடைவெளியில் நெருங்கிக் கிடந்தன. புறநகரிலோ ஒரு நிலையத்துக்கும் அடுத்ததற்கும் இடையே மைல் கணக்கில் தூரம் இருந்தது. ஒரே அளவுத்திட்டத்தில் இரண்டையும் காட்ட முயன்றால், நடுப்பகுதியில் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொள்ளும், இல்லையென்றால் புறநகர்த் தடங்கள் தாளை விட்டு வெளியே போய்விடும். சமிக்ஞைப் பொறியாளர் அலுவலகத்தில் வரைவாளராக இருந்த ஹாரி பெக், 1931-இல் தம் ஓய்வு நேரத்தில் இதற்கு ஒரு தீர்வை வரைந்து பார்த்தார். கோடுகள் கிடையாகவோ, நெடுக்காகவோ, 45 பாகைச் சாய்வாகவோ மட்டுமே செல்லும்; நடுப்பகுதி பெரிதாக்கப்படும், ஓரங்கள் சுருக்கப்படும்; நிலையங்களுக்கு இடையே ஏறத்தாழ ஒரே இடைவெளி இருக்கும்; தரைக்கு மேலே உள்ளவற்றில் தேம்ஸ் ஆறு ஒன்று மட்டுமே இடம்பெறும். விளம்பரத் துறை முதலில் இதை மிகவும் புரட்சிகரமானது என்று தள்ளிவிட்டது. 1932-இல் 500 பிரதிகள் சோதனையாக வழங்கப்பட்டன. பயணிகள் விரும்பி எடுத்துச் சென்றதால், 1933 ஜனவரியில் ஏழு லட்சம் சட்டைப்பை வரைபடங்கள் அச்சிடப்பட்டன. பயணிகளுக்குப் புரியாது என்று அலுவலகம் அஞ்சியதைப் பயணிகள் உடனே புரிந்துகொண்டார்கள் என்பதே இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

திருநெல்வேலி, பொறியியல் மாணவர்: மின்சுற்று வரைபடத்தைப் பார்த்துத்தான் பெக் தம் வரைபடத்தை வரைந்தார் என்று படித்தேன். உண்மையா?

அவர் மின்சார வேலைகள் நடக்கும் அலுவலகத்தில் வரைவாளராக இருந்ததால் அந்தக் கதை எளிதாக ஒட்டிக்கொண்டது. 1933-இல் ஊழியர் இதழ் ஒன்றில், நிலையங்களுக்குப் பதிலாக மின்சுற்று உறுப்புகளைப் போட்டு அவரே ஒரு கேலி வரைபடத்தை வரைந்ததும் கதைக்கு வலுச் சேர்த்தது. ஆனால் தடங்களை நேராக்கிக் காட்டும் வழக்கம் அவருக்கு முன்பே இருந்தது. ஒரு தடத்தை மட்டும் காட்டும் நேர்கோட்டுப் படங்கள் ரயில் பெட்டிகளுக்குள் ஏற்கெனவே ஒட்டப்பட்டிருந்தன. ஜார்ஜ் டவ் என்ற ஆங்கிலேயர் 1929-இல் வேறொரு ரயில் நிறுவனத்தின் புறநகர்த் தடங்களை இதே போல வரைந்திருந்தார். ஒரு முழு வலையமைப்பையும், அதன் சிக்கலான நடுப்பகுதி உட்பட, ஒரே ஒழுங்குக்குள் கொண்டுவந்து பொதுமக்கள் கையில் கொடுத்ததே பெக்கின் சாதனை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அதைத் திருத்திக்கொண்டே இருந்தவருடைய பெயர் 1960-இல் வெளிவந்த வரைபடத்தில் இல்லை. வேறொருவர் பெயர் இருந்தது. 1974-இல் அவர் இறந்த பிறகே உரிய மதிப்புக் கிடைத்தது. இன்று அச்சாகும் லண்டன் வரைபடத்தில் மூல வடிவம் அவருடையது என்ற குறிப்பு இருக்கிறது.

கோவை வாசகி: தூரத்தை மாற்றிக் காட்டும் வரைபடம் பயணியைத் தவறான முடிவுக்கு இழுத்துச் செல்லாதா?

இழுத்துச் செல்லும். இதை அளந்தே காட்டியிருக்கிறார்கள். நியூயார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் குவோ, லண்டன் சுரங்க ரயில் பயணிகள் எந்த வழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று ஆராய்ந்து 2011-இல் வெளியிட்ட கட்டுரையில், வழியைத் தீர்மானிப்பதில் உண்மையான பயண நேரத்தைவிட வரைபடத்தில் தெரியும் நீளம் ஏறத்தாழ இரண்டு மடங்கு செல்வாக்குடன் இருப்பதாகக் கண்டார். நாள்தோறும் பயணம் செய்பவர்கள்கூடத் தாளில் குட்டையாகத் தெரியும் வழியையே நாடினார்கள். லெஸ்டர் ஸ்கொயர், காவென்ட் கார்டன் ஆகிய இரு நிலையங்களுக்கும் இடையே சுமார் 260 மீட்டர்தான். நடந்தால் சில நிமிடங்கள். வரைபடம் அதை மற்ற இடைவெளிகளைப் போலவே காட்டுவதால், சுற்றுலாப் பயணிகள் ஆழத்தில் இறங்கி, வண்டிக்குக் காத்திருந்து, மீண்டும் மேலேறி வருகிறார்கள். இதைக் குறைப்பதற்காகவே 2015-இல் லண்டன் போக்குவரத்து நிர்வாகம் நிலையங்களுக்கு இடையே நடக்க எத்தனை நிமிடம் ஆகும் என்று குறித்துத் தனி வரைபடம் ஒன்றை வெளியிட்டது.

ஆகவே எதையும் எப்படியும் வளைக்கலாம் என்று பொருளில்லை. நீட்டலாம், சுருக்கலாம், நேராக்கலாம். ஆனால் கிழக்கில் இருப்பதை மேற்கில் காட்டக் கூடாது, ஆற்றின் இக்கரையில் இருப்பதை அக்கரையில் வைக்கக் கூடாது. 2009-இல் லண்டன் வரைபடத்திலிருந்து தேம்ஸ் ஆற்றை நீக்கிப் பார்த்தார்கள். எதிர்ப்பு எழுந்த வேகத்தில் அந்த ஆண்டு முடிவதற்குள் ஆறு திரும்ப வந்துவிட்டது. அந்த ஆற்றில் யாரும் ரயில் ஏறப் போவதில்லை என்பது உண்மைதான். ஆனாலும் நாம் நகரின் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்பதைச் சொல்ல அந்த ஒரு நீலக் கோடு போதுமானதாக இருந்தது.

பெங்களூரு வாசகர்: இதே முறையை நியூயார்க் மக்கள் ஏற்கவில்லை என்கிறார்களே, ஏன்?

1972-இல் இத்தாலிய வடிவமைப்பாளர் மாசிமோ விக்னெல்லி நியூயார்க் சுரங்க ரயிலுக்காக வரைந்த படம், என் பார்வையில், இந்தத் துறையின் மிக அழகான படைப்புகளில் ஒன்று. அங்கே ஒரே தடத்தில் எல்லா இடங்களிலும் நிற்கும் வண்டியும், சில இடங்களில் மட்டும் நிற்கும் விரைவு வண்டியும் சேர்ந்தே ஓடுகின்றன. விக்னெல்லி ஒவ்வொரு சேவைக்கும் தனி வண்ணக் கோடு கொடுத்து, அவற்றை அருகருகே ஓடவிட்டார். கோட்டின்மேல் புள்ளி இருந்தால் வண்டி நிற்கும். புள்ளி இல்லையென்றால் நிற்காது. இதைவிடத் தெளிவாக அந்தச் செய்தியைச் சொல்ல முடியாது.

சிக்கல் வேறிடத்தில் வந்தது. நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதி எண்ணிட்ட தெருக்களால் ஆன கட்டம். ஊர்க்காரர் ஒவ்வொருவர் மனத்திலும் நிலப்படம் பதிந்திருக்கிறது. நீண்ட செவ்வகமான சென்ட்ரல் பார்க் அந்தப் படத்தில் ஏறத்தாழ சதுரமாக, சாம்பல் நிறத்தில் இருந்தது. நீர்ப்பரப்பும் நீலமாக இல்லை. பிராட்வே தடத்தின் 50-ஆம் தெரு நிலையம் எட்டாவது அவென்யூவுக்குக் கிழக்கே இருக்க வேண்டியது. படத்தில் அது மேற்கே இருந்தது. ரயிலிலிருந்து இறங்கிப் படியேறி வந்தவர், படத்தை நம்பி எதிர்த்திசையில் நடக்க நேர்ந்தது. முந்தைய விடையில் சொன்ன எல்லையை விக்னெல்லி தாண்டிவிட்டார் என்றே நான் கருதுகிறேன். 1979-இல் மைக்கேல் ஹெர்ட்ஸ் நிறுவனம் வரைந்த, நிலப்படத்தை ஒட்டிய படம் அந்த இடத்துக்கு வந்தது. அதில் பூங்காக்கள் பச்சையாயின, தெருக்கள் தெரிந்தன. ஆனால் எந்த வண்டி எங்கே நிற்கும் என்பதை நிலையப் பெயருக்கு அடியில் பொடி எழுத்தில் தேட வேண்டியதாயிற்று. 2025 ஏப்ரலில் நியூயார்க் நிர்வாகம் மீண்டும் விக்னெல்லியின் பாணியைத் தழுவிய வரைபடத்துக்கே திரும்பியிருக்கிறது.

சென்னை, பெரம்பூர் வாசகர்: சென்னையில் மெட்ரோ, புறநகர் மின்சார ரயில், பறக்கும் ரயில் என்று மூன்று இருக்கின்றன. மூன்றையும் ஒரே படத்தில் காட்டுவதாக இருந்தால் முதலில் எதைச் சரிசெய்வீர்கள்?

சென்ட்ரல் பகுதியை. வெளியூரிலிருந்து வருபவருக்கு அது ஒரே இடம். ரயில் நிர்வாகங்களுக்கோ அது ஐந்து நிலையங்கள். தொலைதூர வண்டிகளுக்குச் சென்ட்ரல். அதன் பக்கத்திலேயே அரக்கோணம், கும்மிடிப்பூண்டி வழியில் செல்லும் புறநகர் வண்டிகளுக்கு மூர் மார்க்கெட் வளாகம். சாலையைக் கடந்தால் கடற்கரை–தாம்பரம் வண்டிகளுக்குப் பார்க் நிலையம். அதை ஒட்டி வேளச்சேரி செல்லும் பறக்கும் ரயிலுக்குப் பார்க் டவுன். தரைக்கு அடியில் நீலம், பச்சை இரண்டு மெட்ரோ தடங்களும் சந்திக்கும் நிலையம். ஒவ்வொரு நிர்வாகமும் தன் தடத்தை மட்டும் வரைந்து தன் நிலையத்துக்குத் தன் பெயரைப் போட்டுக்கொண்டால், பார்க், பார்க் டவுன், மூர் மார்க்கெட், சென்ட்ரல் ஆகியவை நான்கு வெவ்வேறு ஊர்களைப் போலத் தெரியும். காட்பாடியிலிருந்து வந்து இறங்கி மயிலாப்பூருக்குச் செல்ல வேண்டிய ஒருவருக்கு, எதிரே சாலையைக் கடந்தால் பறக்கும் ரயில் இருக்கிறது என்பதை எந்தப் பெயரும் சொல்லாது. பொது வரைபடத்தில் இந்த ஐந்தையும் ஒரே வெண்ணிற வட்டத்துக்குள் அடக்கி, மேலே பெரிய எழுத்தில் சென்ட்ரல் என்று எழுதி, உள்ளே ஒவ்வொரு தடத்தின் புள்ளிக்கும் அருகில் அதன் நிலையப் பெயரைச் சிறிய எழுத்தில் தர வேண்டும். நடந்து செல்ல வேண்டிய இணைப்புகளை இரட்டைக் கோட்டால் காட்டி, நிமிடக் கணக்கைக் குறித்தால் இன்னும் நல்லது.

இரண்டாவது, விமான நிலையம். மெட்ரோவில் செல்பவருக்கு நிலையத்தின் பெயரே விமான நிலையம் என்பதால் சிக்கல் இல்லை. புறநகர் வண்டியில் வருபவர் இறங்க வேண்டிய நிலையத்தின் பெயர் திரிசூலம். வழக்கமாகச் செல்பவர்களுக்கு இது தெரியும். விழுப்புரத்திலிருந்து வந்து தாம்பரத்தில் மின்சார ரயிலுக்கு மாறும் குடும்பம் பெட்டியும் படுக்கையுமாக மீனம்பாக்கத்தில் இறங்கிவிட வாய்ப்பு உண்டு. திரிசூலத்துக்கு அருகில் ஒரு விமானச் சின்னமும் மெட்ரோ நிலையத்தோடு இணைக்கும் கோடும் போட்டால் போதும்.

இதற்கு நேர்மாறான பொறி, ஒரே பெயர் கொண்ட இரண்டு இடங்கள். சைதாப்பேட்டை என்ற பெயரில் மெட்ரோ நிலையமும் உண்டு, புறநகர் நிலையமும் உண்டு. மெட்ரோ அண்ணா சாலையில் இருக்கிறது, மற்றது அங்கிருந்து விலகி உள்ளே இருக்கிறது. கிண்டியிலும் எழும்பூரிலும் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், சைதாப்பேட்டையிலும் அப்படித்தான் இருக்கும் என்று பயணி நினைப்பது இயல்பு. ஆகவே இங்கே இரண்டு புள்ளிகளையும் வேண்டுமென்றே விலக்கி வைத்து வரைய வேண்டும்.

தற்காலிக மாற்றங்களையும் யோசித்தாக வேண்டும். கடற்கரை–எழும்பூர் நான்காவது பாதைப் பணிக்காக 2023 ஆகஸ்ட் முதல் 2024 அக்டோபர் வரை பறக்கும் ரயில் சிந்தாதிரிப்பேட்டையோடு நின்றுவிட்டது. ஓராண்டுக்கு மேல் நீடிக்கும் மாற்றத்துக்குப் புதிய வரைபடம் அச்சிடுவதே முறை. அறிவிப்புப் பலகையில் ஒட்டிய ஒரு தாள் அதற்கு ஈடாகாது. நிறுத்தப்பட்ட பகுதியை வெளிறிய கோடாகவோ விட்டுவிட்டு வரும் கோடாகவோ காட்டுவதே பரவலான மரபு.

தஞ்சாவூர் வாசகி: ஆங்கிலப் பெயர்கள் சின்னதாக அழகாக அமைந்துவிடுகின்றன. தமிழ்ப் பெயர்கள் இடம் பிடித்துக்கொள்கின்றன. இதற்கு வழி என்ன?

வடிவமைப்பாளர்கள் அதிகம் பேசாத, ஆனால் நமக்கு மிகவும் வேண்டிய கேள்வி இது. பெரும்பாலும் ஆங்கிலத்தில் வரைபடத்தை முடித்துவிட்டு, மிஞ்சிய இடத்தில் தமிழைத் திணிக்கிறார்கள். வரிசையை மாற்றிப் பார்த்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். தமிழ்ப் பெயர் அகலமானது. வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர், தேனாம்பேட்டை போன்ற பெயர்களைக் கிடைக்கோட்டின் மேலும் கீழும் வரிசையாக எழுத முடியாது. சாய்த்து எழுதினால் படிக்கக் கழுத்து வலிக்கும். தடத்தை நெடுக்காகவோ சாய்வாகவோ அமைத்து, பெயர்களை அதன் பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குவதே தமிழுக்கு ஏற்ற முறை. சென்னை மெட்ரோவின் நீலத் தடம் வடக்கிலிருந்து தெற்கே இறங்குவது இதற்கு வாய்ப்பாக அமைந்திருக்கிறது. கிழக்கு மேற்காகச் செல்லும் தடங்களில் ஒரு பெயர் கோட்டுக்கு மேலே, அடுத்தது கீழே என்று மாற்றி மாற்றி வைக்கலாம்.

பெயரை இரண்டு வரியாக உடைக்க நேர்ந்தால், சொற்கள் சேர்ந்த இடத்தில் உடைக்க வேண்டும். ‘வண்ணாரப்’ மேல் வரியில், ‘பேட்டை’ கீழ் வரியில் என்றால் கண் தடுக்காது. கணினி இடம் பார்த்துத் தானாக உடைக்கும்போது புள்ளி வைத்த எழுத்து அடுத்த வரியின் தலையில் போய் நின்றுவிடுவதையும், கொம்பு ஒரு வரியிலும் அதற்குரிய எழுத்து அடுத்த வரியிலுமாகப் பிரிவதையும் பல பலகைகளில் காணலாம். அச்சுக்குப் போகும் முன் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு பெயரையும் பார்த்தாக வேண்டும். எழுத்துருவிலும் கவனம் தேவை. மிகத் தடித்த எழுத்தில் ண, ஞ, ழ ஆகியவற்றின் உட்சுழிகள் மையால் அடைபட்டு, தூரத்திலிருந்து பார்க்கும்போது ண எது, ன எது என்று தெரியாமல் போகும். நடுத்தரத் தடிமனும், எழுத்துகளுக்கு இடையே சற்றுக் கூடுதல் இடைவெளியும் தமிழுக்குப் பொருந்துகின்றன. ஆங்கில எழுத்தின் அதே புள்ளி அளவைத் தமிழுக்கும் கொடுத்தால் தமிழ் சிறியதாகத் தோன்றுவது உண்டு. எண்ணைப் பார்க்காமல் கண்ணால் ஒப்பிட்டுச் சமன் செய்ய வேண்டும்.

நீண்ட அதிகாரப்பூர்வப் பெயர்கள் தனிச் சிக்கல். 2020-இல் மூன்று மெட்ரோ நிலையங்களுக்குத் தலைவர்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. ‘புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி. ராமச்சந்திரன் சென்ட்ரல்’ என்பதை ஒரு புள்ளியின் அருகில் எழுதினால், பக்கத்து நிலையங்களின் பெயர்களுக்கு இடமிருக்காது. பயணி தேடும் ‘சென்ட்ரல்’ என்ற சொல்லோ கடைசியில் வருகிறது. நிலைய வாயிலிலும் நடைமேடைப் பலகையிலும் முழுப் பெயரும் உரிய மதிப்போடு இருக்கட்டும். வரைபடத்தில் ‘சென்ட்ரல்’, ‘ஆலந்தூர்’ என்ற இடப்பெயரைத் தடித்த எழுத்திலும், மற்றதை அதன் கீழே சிறிய எழுத்திலும் தருவது யாரையும் குறைத்துவிடாது.

மதுரை வாசகர்: எனக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரித்துத் தெரியாது. என் போன்றவர்களுக்கு வண்ணக் கோடுகளால் என்ன பயன்?

வண்ணம் மட்டுமே அடையாளமாக இருந்தால் பயன் குறைவுதான். ஐரோப்பிய வழியினரான ஆண்களில் ஏறத்தாழ பன்னிரண்டு பேரில் ஒருவருக்கு ஏதோ ஓர் அளவில் நிறக்குறைபாடு இருக்கிறது. மற்ற மக்களிடையே விகிதம் சற்று மாறினாலும், ஒரு ரயில் பெட்டியில் உங்களைப் போன்றவர் ஒருவராவது இருப்பார் என்று கொள்ளலாம். இரண்டு தடங்கள் மட்டும் உள்ளபோது நீலமும் பச்சையும் பெரிய தொல்லை தரவில்லை. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் ஊதா, சிவப்பு முதலான மேலும் மூன்று தடங்கள் சேரும்போது நிலைமை மாறும். ஊதாவும் நீலமும் ஒன்றுபோலத் தெரியும், சிவப்பும் பச்சையும் குழப்பும். கோட்டின் இரு முனைகளிலும் மாறும் நிலையங்களிலும் தடத்தின் எண்ணை ஒரு வட்டத்துக்குள் எழுதிவிடுவது எளிய தீர்வு. வண்ணங்களின் வெளிர்வு அடர்த்தியையும் வேறுபடுத்த வேண்டும். கறுப்பு வெள்ளையில் நகலெடுத்துப் பார்த்தால் எந்தக் கோடுகள் ஒன்றாகிவிடுகின்றன என்பது உடனே தெரிந்துவிடும். வண்ணமே இல்லாமல், கோடுகளின் உள்வடிவத்தால் தடங்களைப் பிரித்துக் காட்டும் வரைபடத்தை லண்டன் நிர்வாகம் தனியாகவே தருகிறது.

சிங்கப்பூர் வாசகி: எங்கள் ஊரில் நிலையங்களுக்கு எண்ணும் உண்டு. படிக்கத் தெரியாதவர்களுக்கு இது போதுமா?

பெரும் உதவி செய்கிறது. உங்கள் ஊரில் லிட்டில் இந்தியா நிலையத்துக்கு வடகிழக்குத் தடத்தில் என்.இ. 7 என்றும், டவுன்டவுன் தடத்தில் டி.டி. 12 என்றும் குறியீடு இருக்கிறது. தமிழகத்திலிருந்து வேலைக்கு வந்து இறங்கியவருக்கு ஆங்கிலப் பெயரும் சீனப் பெயரும் நாவில் வராவிட்டாலும் எண் வந்துவிடும். டோக்கியோ 2004-இல் எண் முறையைக் கொண்டுவந்தது. அங்கே கின்சா தடத்தில் ஷிபுயா ஜி 01, கின்சா ஜி 09. ஷிபுயாவில் ஏறுபவர் எட்டாவது நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்பதைக் கழித்தல் கணக்கே சொல்லிவிடுகிறது. எண் குறைகிறதா, கூடுகிறதா என்று பார்த்தே தவறான திசையில் செல்வதை உணர்ந்து இறங்கிவிடலாம்.

எண்ணையும் தாண்டிச் சென்றது மெக்சிகோ நகரம். 1969-இல் அங்கே மெட்ரோ தொடங்கியபோது, எழுத்தறிவு இல்லாத பயணிகளையும் மனத்தில் கொண்டு, ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு சின்னம் வரையப்பட்டது. சாபுல்தெபெக் நிலையத்துக்கு வெட்டுக்கிளி. இந்தச் சின்னங்களை உருவாக்கிய லான்ஸ் வைமன்தான் பின்னர் வாஷிங்டன் மெட்ரோவின் தடித்த கோட்டு வரைபடத்தையும் வரைந்தார். நம் ஊரில் இதைச் செய்தால் கலங்கரை விளக்கம் போன்ற நிலையங்களுக்குச் சின்னம் தயாராகவே இருக்கிறது. ஆனால் ஆளுக்கொரு கோபுரத்தைக் கேட்டால், விரல்நகம் அளவு படத்தில் எல்லாக் கோபுரமும் ஒன்றுபோலவே தெரியும். சின்னங்கள் ஒன்றோடொன்று வேறுபட்டிருப்பதே முக்கியம். சிறப்பு அதற்குப் பிறகுதான்.

வவுனியா வாசகர்: இலங்கையின் ரயில் பாதைகளையும் இப்படி வரையலாமா?

வரையலாம், சந்திகள் மிகத் தெளிவாக வரும். பொல்காவலையில் வடக்குப் பாதை பிரிகிறது. மாகோவில் மட்டக்களப்புப் பாதை பிரிந்து, அதிலிருந்து கல்லோயாவில் திருகோணமலைக் கிளை விலகுகிறது. மதவாச்சியில் தலைமன்னார்க் கிளை. ஆனால் மெட்ரோவில் சில நிமிடங்களுக்கு ஒரு வண்டி வருவதால்தான் எங்கே மாறுவது என்பது மட்டும் தெரிந்தால் போதுமானதாக இருக்கிறது. நாளொன்றுக்குச் சில வண்டிகளே ஓடும் பாதையில், எப்போது வரும் என்பதே முதற்கேள்வி. அங்கே வரைபடம் நேர அட்டவணைக்குப் பக்கத்தில் துணையாக நிற்க வேண்டுமே தவிர அதன் இடத்தைப் பிடிக்கக் கூடாது. மூன்று மொழிகளிலும் பெயர் எழுத வேண்டியிருப்பதால், தஞ்சாவூர் வாசகிக்குச் சொன்ன நெடுக்குத் தட யோசனை உங்களுக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

செங்கல்பட்டு வாசகி: கைப்பேசிச் செயலியே வழி சொல்லிவிடும்போது சுவரில் வரைபடம் எதற்கு?

செயலி நீங்கள் கேட்ட ஒரு வழியைச் சொல்லும். வழியில் வண்டி நின்றுவிட்டால் வேறு என்னென்ன வழிகள் இருக்கின்றன என்பதை ஒரே பார்வையில் காட்டுவது சுவரில் உள்ள படம்தான். கைப்பேசியில் மின்னூட்டம் தீர்ந்தவருக்கும், செயலி பழகாத முதியவருக்கும் அது வேண்டும்.

திருச்சி வாசகர்: பெட்டிக்குள் கதவுக்கு மேல் உள்ள படத்தைப் பார்த்தால் வண்டி எதிர்ப்பக்கம் செல்வது போலத் தோன்றுகிறதே?

ஒரே படத்தைப் பெட்டியின் இரு பக்கமும் ஒட்டுவதால் வரும் குறை அது. வண்டி இடமிருந்து வலமாகச் செல்லும்போது ஒரு பக்கச் சுவரில் படம் பொருந்தும், எதிர்ச் சுவரில் தலைகீழாகும். ஒரு பக்கத்துக்கு நிலைய வரிசையைத் திருப்பி அச்சிட்டால் இரண்டு சுவர்களும் ஒரே திசையைக் காட்டும். நிலைய வாயிலில் உள்ள ‘நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்’ படத்துக்கும் இதே விதிதான்: பார்ப்பவரின் முன்னால் இருப்பது படத்தின் மேற்பக்கத்தில் இருக்க வேண்டும். மார்வின் லெவின் என்ற உளவியலாளர் இதை 1980களிலேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார். வடக்கு எப்போதும் மேலே இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக ஒட்டப்பட்ட படத்தின் முன்னால், கழுத்தையும் உடலையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பவர்களை எந்த ஊரிலும் காணலாம்.

சேலம், வடிவமைப்பு மாணவி: பயிற்சிக்காக ஒரு வழித்தட வரைபடம் வரைய விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது? நன்றாக வந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மாறும் நிலையங்களிலிருந்து தொடங்குங்கள். ஒரு தாளில் அவற்றை மட்டும், ஏறத்தாழ அவை இருக்கும் திசையில் புள்ளிகளாக வையுங்கள். அவற்றை இணைக்கும் கோடுகள் எத்தனை குறைவாகத் திரும்புகின்றனவோ அத்தனை நல்லது. ஒரு கோட்டைக் கண் பின்தொடர்ந்து செல்லும்போது ஒவ்வொரு திருப்பமும் ஒரு தடங்கல். பிறகு மிக நீளமான பெயர்களை உண்மையான அளவில் எழுதிப் பாருங்கள். எங்கே இடம் போதவில்லையோ அங்கே கோட்டை நகர்த்துங்கள். மற்ற நிலையங்களைக் கடைசியில் நிரப்பலாம். 45 பாகை என்பது வேதவாக்கு அல்ல. எசெக்ஸ் பல்கலைக்கழக உளவியலாளர் மேக்ஸ்வெல் ராபர்ட்ஸ், பாரிஸ் மெட்ரோவின் அதிகாரப்பூர்வ வரைபடத்தையும், முழுவதும் வளைகோடுகளால் தாம் வரைந்த ஒன்றையும் ஆட்களிடம் கொடுத்துச் சோதித்தபோது, வளைகோட்டுப் படத்தில்தான் வழியை விரைவாகக் கண்டுபிடித்தார்கள்.

அந்தச் சோதனையில் உங்களுக்கு வேண்டிய இன்னொரு செய்தியும் இருக்கிறது. எந்தப் படம் பிடித்திருக்கிறது என்று மக்கள் சொன்னதற்கும், எந்தப் படத்தை அவர்கள் நன்றாகப் பயன்படுத்தினார்கள் என்பதற்கும் தொடர்பு இல்லை. ஆகவே தோழிகளிடம் படத்தைக் காட்டி எப்படி இருக்கிறது என்று கேட்காதீர்கள். இன்ன நிலையத்திலிருந்து இன்ன நிலையத்துக்குப் போக வேண்டும், எங்கே மாறுவீர்கள் என்று கேட்டு, கடிகாரத்தைப் பாருங்கள்; விரல் எந்த இடத்தில் நிற்கிறது, எந்தக் கோட்டில் தவறிச் செல்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தைத் திருத்திய பிறகு புதிய ஆட்களிடம் கொடுங்கள், ஏனென்றால் முதலில் பார்த்தவர்களுக்கு விடை ஏற்கெனவே தெரிந்திருக்கும். அவர்களில் அந்த ஊருக்கே போகாத ஒருவராவது இருக்கட்டும்.